இடக்கரடக்கலும் இளைஞர் உடலும்

தமிழாசிரியர் எவரும் தம் பணிக்காலத்தில் பன்முறை நடத்தும் பாடங்களுள் ஒன்று இடக்கரடக்கல். நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். அவையில் சொல்லக் கூசும் ஒன்றை வேறு சொல்லால் உணர்த்துவது இடக்கரடக்கல் என்பதையும், கால் கழுவி வந்தான் என்பது அதற்கு எடுத்துக்காட்டு என்பதையும் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் அனைவரும் அறிவர். அவர்களுக்குச் சொல்லப்படாத செய்தி ஒன்றுண்டு. இவ்விலக்கணம் சொல்லும் முறையைப் பற்றியதேயன்றிச் சொல்லாது விடுவதைப் பற்றியதன்று. தொல்காப்பியர் எச்சவியலில், அவைக்கு ஒவ்வாத சொல்லை மறைத்துச் சொல்லுக என்று விதித்தார். பொருளையே மறைத்துவிடுக என்று அவர் கூறவில்லை. அடுத்த நூற்பாவிலேயே, வழக்கில் பயின்று வந்துவிட்ட சொற்களை மறைக்க வேண்டா என்று விலக்கும் தந்தார். எத்துணை நுட்பமான வரையறை!

இத்துணைத் தெளிவாக வகுக்கப்பட்ட மரபினைப் பிற்காலத் தமிழ் வகுப்பறை தன் அச்சத்திற்குப் போர்வையாக்கிக்கொண்டது. ஆணுடலின் இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றிய பேச்சு எழும் இடத்தில் பண்பாடு குறுக்கே நிறுத்தப்படுகிறது. புத்தகத்தின் பக்கம் புரட்டப்படுகிறது. பின்வரிசையில் எழும் சிரிப்பு அதட்டி அடக்கப்படுகிறது. பெண்பிள்ளைக்கேனும் பூப்பெய்தும் நாளில் தாயோ பாட்டியோ அத்தையோ அருகமர்ந்து சில சொற்கள் சொல்கின்றனர். அச்சொற்களில் பாதி பிழையாக இருக்கலாம். ஆயினும் பேச ஒருவர் இருக்கின்றார். ஆண்பிள்ளைக்கு நீராட்டுமில்லை, சொல்லுமில்லை. தந்தை மகனிடம் பேசுவதில்லை. தந்தையிடம் அவர் தந்தையும் பேசியதில்லை.

சுபாங் ஜெயாவை எடுத்துக்கொள்வோர் இதன் விந்தையை நன்குணர்வர். சீபீல்டு தோட்டமாய் இருந்த நிலம் 1976ஆம் ஆண்டு முதல் வீடமைப்புப் பகுதியாக உருமாறியது. 1985ஆம் ஆண்டில் அங்குப் பெரிய தனியார் மருத்துவமனையொன்று எழுந்தது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் அவ்வூர் மாநகர்த் தகுதி பெற்றது. தோட்டம் மறைந்த பின்னரும் அதன் பெயரைச் சுமந்துகொண்டு தமிழ்ப்பள்ளி நிற்கிறது. மரம் வெட்டி வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். பலர் பொறியாளராகவும் மருத்துவராகவும் உயர்ந்துள்ளனர். உடலின் உட்புறத்தை ஒலியலைகளால் படம்பிடித்துக் காட்டும் கருவி சில நிமிடப் பயணத் தொலைவில் உள்ளது. எனினும், அக்கருவியின் முன் படுக்கவேண்டிய சிறுவனிடம் தன் வலி எந்த உறுப்பில் உள்ளது என்று தன் தாயிடம் சொல்வதற்குத் தமிழில் ஒரு சொல் இல்லை. 'கீழே வலிக்கிறது' என்பான். அல்லது வயிறு வலிக்கிறது என்பான்.

வயிற்றுவலி என்று அவன் சொல்வதால் விளையும் கேடு சிறிதன்று. விதைகள் இரண்டும் உடலுக்குள்ளிருந்து இறங்கிவரும் விந்து நாண்களில் தொங்குகின்றன. குருதிக்குழாய்கள், நரம்புகள், விந்தினைக் கொண்டுசெல்லும் குழாய் ஆகியவை ஒன்றாய்ச் சேர்ந்த கயிறு போன்றது அந்த நாண். சிலருக்கு விதையானது பையின் சுவரோடு உரியவாறு பொருந்தாமல், மணிக்குள் தொங்கும் நாவினைப் போல் அசைவதற்கு இடமுள்ளதாய் அமைந்துவிடும். அத்தகையோருக்கு விளையாட்டின்போதோ உறக்கத்திலோ நாண் முறுக்கிக்கொள்ளக் கூடும். முறுக்கிய கணமே குருதியோட்டம் தடைப்படும். தாங்கொணா வலியும் குமட்டலும் வாந்தியும் தொடரும். ஆறு மணி நேரத்திற்குள் அறுவை மருத்துவர் முறுக்கினைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் விதை பிழைத்துவிடும். பன்னிரண்டு மணி நேரத்திற்குப் பின் வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஒருநாள் கடந்தால் அதனை அகற்றுவதன்றி வேறு வழி பெரும்பாலும் இராது. இருபத்தைந்து வயதுக்குட்பட்ட ஆண்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4000 பேரில் ஒருவருக்கு இது நேர்கிறது. பன்னிரண்டு முதல் பதினெட்டு வரையுள்ள அகவையில் மிகுதி. தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப் பள்ளிக்குள் அடியெடுத்து வைக்கும் அகவை அது. நாணம் மிகுந்த அகவையும் அதுவே.

இரவு இரண்டு மணிக்கு வலியால் விழிக்கும் சிறுவன் விடியும்வரை பற்களைக் கடித்துக்கொண்டு கிடந்தால் நான்கு மணி நேரம் போயிற்று. காலையில் தாய் வயிற்றுக்கு எண்ணெய் தடவி, ஓமத்தண்ணீர் கொடுத்து, பள்ளிக்குப் போகவேண்டா என்று சொல்லிவிட்டு வேலைக்குப் புறப்படுவாள். எஞ்சிய இரண்டு மணி நேரமும் போயிற்று. மருத்துவமனையின் தொலைவு அவனைக் கெடுக்கவில்லை, வறுமையும் கெடுக்கவில்லை. வாயைத் திறக்கவொட்டாமல் தடுத்த கூச்சமே கெடுத்தது. அக்கூச்சத்தை அவன் பிறக்கும்போதே கொண்டுவந்தானா? கற்பித்தவர் யார்?

பாடத்திட்டம் முற்றிலும் வாய்மூடிக் கிடக்கிறது என்று சொல்வதற்கில்லை. மலேசிய இடைநிலைப் பள்ளிகளில் 1989ஆம் ஆண்டிலும் தொடக்கப்பள்ளிகளில் 1994ஆம் ஆண்டிலும் குடும்ப நலக்கல்விக் கூறுகள் புகுத்தப்பட்டன. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் இனப்பெருக்க நலமும் நலக்கல்வியின் ஓர் அலகாக இடம்பெற்றது. படிவம் ஒன்றின் அறிவியல் நூலில் இனப்பெருக்கம் தனி இயலாகவே உள்ளது. ஆயின் அவ்வியல் மலாய்மொழியில் நடத்தப்படுவது. தெஸ்திஸ், ஸ்குரோத்தும், ஸக்கார் என்னும் சொற்களை மனப்பாடம் செய்து மாணவன் மதிப்பெண் பெறுகிறான். நன்று. அச்சொற்களைக் கொண்டு அவன் வீட்டில் யாரோடு பேசுவான்? மலாய்ச் சொல் தேர்வுத்தாளோடு நின்றுவிடுகிறது. தமிழில் அவனறிந்ததோ தெருவில் வசையாகக் கேட்ட சொற்கள் மட்டும். ஓர் உறுப்பிற்குத் தாய்மொழியில் வசைச்சொல் மட்டுமே தெரிந்த பிள்ளை அவ்வுறுப்பைப் பற்றி எவ்வாறு மதிப்போடு நினைப்பான்?

ரப்பர் விதை வெடித்துச் சிதறிப் பரவும் முறையைத் தமிழ்ப்பள்ளி அறிவியல் வகுப்பில் எவ்வளவு விளக்கமாக நடத்துகின்றனர்! அங்கு விதை என்னும் சொல் ஆசிரியர் நாவில் தடையின்றி வருகிறது. அதே சொல் மாந்தனுடலைக் குறிக்கும்போது மட்டும் தொண்டைக்குள் சிக்கிக்கொள்கிறது.

ஆசிரியர் பேசாத இடத்தில் வேறொருவன் பேசினான். அவன் கூச்சமின்றிப் பேசினான். தமிழகத்து வார இதழ்களின் பின்பக்கங்களில் பல்லாண்டுகளாக அவனுடைய விளம்பரங்கள் வெளிவந்தன. கடல் கடந்து அவ்விதழ்கள் வந்த ஊர்களிலெல்லாம் இளைஞர்கள் அவற்றை ஒளித்துவைத்துப் படித்தனர். இளமையில் செய்த தவறு, நரம்புத் தளர்ச்சி, சொப்பன ஸ்கலிதம் என்று அவன் நோய்ப்பெயர்களை அடுக்கினான். விடுதியறையில் முகாமிட்டு, வந்தவனிடம் ஆண்மை வற்றிவிட்டது என்று அச்சுறுத்தி, பொட்டலம் பொட்டலமாக லேகியம் விற்றான். மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர விற்பனைச் சட்டம் ஆண்மைக்குறையைத் தீர்ப்பதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. சட்டத்திற்கு அஞ்சி இதழ்களைவிட்டு நீங்கிய அவ்விளம்பரம் இன்று கைப்பேசித் திரையில் குடியேறிவிட்டது. நேர்மையான ஆசிரியர் நாணத்தால் நாவடங்க, நேர்மையற்ற வணிகன் நல்ல தமிழிலேயே இளைஞனிடம் பேசுகிறான்.

அவ்வணிகனுடைய கைமுதல் ஒரே ஒரு பொய். நாற்பது துளிக் குருதியிலிருந்து ஒரு துளி விந்து உண்டாகிறது; ஆதலின் ஒரு துளி போனால் உயிராற்றல் போயிற்று என்பது அது. உண்ட உணவு சாரமாகி, செந்நீராகி, ஊனாகி, கொழுப்பாகி, எலும்பாகி, மூளையாகி, ஈற்றில் சுக்கிலமாகிறது என்னும் ஏழு உடற்கட்டுக் கொள்கையின் சிதைந்த நிழல் இது. நுண்ணோக்காடி தோன்றாத காலத்தில் உடலை உய்த்துணர முயன்ற பழைய மருத்துவ அறிஞரை இதற்காக இகழ்வது முறையன்று. அவர்தம் கொள்கையைக் காசாக்கும் கயவரை இகழாதிருப்பதும் முறையன்று. தமிழருக்கே உரிய மடமையும் அன்று இது. சுவிட்சர்லாந்து மருத்துவர் திசோ 1760ஆம் ஆண்டளவில் எழுதிய நூல், விந்திழப்பால் அறிவும் உடலும் அழியும் என்று ஐரோப்பா முழுவதையும் நூறாண்டுக்கு மேல் நடுங்க வைத்தது. இந்திய உளமருத்துவர் விக் 1960ஆம் ஆண்டில் இவ்வச்சத்தால் விளையும் சோர்வு, பதற்றம், தூக்கமின்மை ஆகியவற்றைத் தொகுத்து, 'தாது நோய்க்குறி' எனப் பெயரிட்டார். விந்து போவதால் வந்த நோயன்று அது. போகிறதே என்று அஞ்சுவதால் வந்த நோய்.

உடற்கூற்றைச் சற்றே விரித்துரைத்தாலும் அப்பொய் நில்லாது. விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவது இயற்கையின் கவனக்குறைவன்று. விந்தணு உருவாவதற்கு உடல் வெப்பத்தினும் இரண்டு முதல் நான்கு பாகை வரை குறைந்த வெப்பம் வேண்டும். குளிரில் பை சுருங்கி விதைகளை உடலருகே இழுப்பதும், வெயிலில் தளர்ந்து இறக்குவதும் இதன்பொருட்டே. ஒவ்வொரு விதைக்குள்ளும் நூற்றுக்கணக்கான மெல்லிய நுண்குழல்கள் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் சுவரில் ஓர் உயிரணு பலபடியாகப் பிரிந்து வாலுடைய விந்தணுவாக வளர ஏறத்தாழ எழுபது நாளாகும். பின்னர் அது விதையின்மேல் படிந்துள்ள சுருள்குழலில் முதிர்ந்து நீந்தும் ஆற்றல் பெறும். நீட்டினால் ஆறு மீட்டர் வரும் அச்சுருள், சில செண்டிமீட்டர் இடத்தில் அடங்கியிருக்கிறது. நாளொன்றுக்குப் பல கோடி விந்தணுக்கள் இவ்வாறு உருவாகின்றன. வெளியேறாதவை சிதைந்து உடலிலேயே கரைந்துவிடுகின்றன. சேமித்து வைத்தால் பெருகும் செல்வமன்று அது. குழல்களுக்கு இடையிலுள்ள உயிரணுக்கள் சுரக்கும் தெஸ்தோஸ்தெரோன் என்னும் இயக்குநீர் குருதியில் நேரே கலந்து, குரலைக் கனப்பித்து மீசையை அரும்பச் செய்கிறது. விந்து வெளியேறுவதால் அவ்வியக்குநீர் தீர்ந்துபோவதில்லை.

இனி அத்துளியின் உட்பொருளைப் பார்க்கலாம். ஒருமுறை வெளிப்படும் நீர் ஏறத்தாழ ஒன்றரை முதல் ஐந்து மில்லிலிட்டர். அதில் விந்தணுக்களின் பங்கு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. மூன்றில் இரண்டு பங்கு, சிறுநீர்ப்பைக்குப் பின்னுள்ள விந்துப்பைகளில் சுரக்கும் இனிப்புக் கலந்த நீர். எஞ்சியதில் பெரும்பகுதி முன்னிற்கும் சுரப்பி தருவது. நீர், பழச்சர்க்கரை, புரதம், சிறிது துத்தநாகம் என்பனவே அதில் உள்ளவை. குடும்பக் கட்டுப்பாட்டிற்காக விந்துக்குழாயை வெட்டிக் கட்டிக்கொண்டவருக்கும் நீரின் அளவு ஏறத்தாழ முன்போலவே இருப்பது இதனால்தான். நாற்பது துளிக் குருதி எங்கே போயிற்று? உறக்கத்தில் விந்து வெளிப்படுவது பூப்பெய்தும் பெண்ணுக்கு உதிரம் வெளிப்படுவதைப் போன்று இயல்பானதென்று ஆசிரியர் ஒருவர் ஒருமுறை சொல்லியிருந்தால், எத்தனை இளைஞரின் உறக்கமும் தந்தையரின் பணமும் தப்பியிருக்கும்!

இளமையில் தொடங்கும் இவ்வறியாமை மணவாழ்விலும் தொடர்ந்து, அங்கு மற்றொருத்தியின் தலையில் விடிகிறது. மலடி என்னும் சொல் தமிழில் வழங்கும் அளவில் நூற்றில் ஒரு பங்கேனும் மலடன் என்னும் சொல் வழங்குகிறதா? ஆண் விதைப்பவன், பெண் விளைநிலம் என்னும் பழைய உவமை அறிவியலாகவே கருதப்படுகிறது. பயிர் விளையாவிடில் நிலத்தைப் பழிப்பது அவ்வுவமையின் இயல்பான முடிவு. உண்மையோ வேறு. விந்தணுவும் சினைமுட்டையும் 23 நிறப்புரிகள் வீதம் சமபங்கு தருகின்றன. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் கருவுறாமைச் சிக்கலை எதிர்கொள்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிவித்தது. அவ்வாறு தவிக்கும் இணையருள் ஏறத்தாழ பாதியினரிடத்து ஆண்பால் காரணமும் கலந்துள்ளது. விதைப்பையின் சிரைகள் புடைத்தல், பருவமெய்திய பின் வரும் புட்டாளம்மை விதைகளைத் தாக்குதல், குழந்தைப் பருவத்தில் வயிற்றிலிருந்து இறங்காத விதையைக் கவனியாது விடுதல், புகைபிடித்தல் எனக் காரணங்கள் பல. கட்டுடல் வேண்டி உடற்பயிற்சிக் கூடங்களில் ஆண்மை இயக்குநீரை ஊசியாக ஏற்றிக்கொள்ளும் இளைஞர் கூட்டம் ஒன்று புதிதாகச் சேர்ந்துள்ளது. வெளியிலிருந்து இயக்குநீர் வந்ததும் மூளையடிச் சுரப்பி தன் ஏவலை நிறுத்திக்கொள்ளும். விதைகள் விந்தணு ஆக்குவதையும் நிறுத்திவிடும். ஆண்மை காட்டப் போனவன் தந்தையாகும் தகுதியை இழந்து நிற்பதை என்னென்பது?

ஆணின் விந்தினைச் சோதிப்பது எளிய செயல், கத்தியில்லை, மயக்கமருந்தில்லை. இருந்தும் மனைவியே முதலில் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறாள். கோயில் தோறும் தொட்டில் கட்டுகிறாள். மாமியார் வாயால் வசை கேட்கிறாள். பெண்குழந்தை பெற்றாலும் அவளுக்கே பழி. ஆண்குழந்தையா பெண்குழந்தையா என்பதை முடிவுசெய்யும் நிறப்புரியைத் தருவது தந்தையின் விந்தணு. ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் அறிவியலாளர் புழுவண்டுகளை ஆராய்ந்து 1905ஆம் ஆண்டிலேயே இதற்கு வழிகாட்டிவிட்டார். நூறாண்டு கடந்தும் அச்செய்தி பல தமிழ் இல்லங்களின் வாயிற்படியைத் தாண்டவில்லை. முதியோர் நிலையும் வேறன்று. முன்னிற்கும் சுரப்பி பெருத்துச் சிறுநீர் தடைப்படும்போதும் மகனிடம் சொல்லக் கூசி மாதங்களைக் கடத்துவோர் உளர்.

தமிழில் இவற்றைச் சொல்லச் சொல்லில்லை என்பார் ஒரு சாரார். அவர்கள் யாழ்ப்பாணத்து வரலாற்றைப் படிக்கவேண்டும். 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தங்கி, 1860களில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். முப்பதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் தமிழ்வழியில் பயின்று மருத்துவராயினர். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்கள் அவரால் தமிழுக்கு வந்தன. மாந்தவுடலின் எந்த உறுப்பையும் அந்நூல்கள் விலக்கிவைத்துவிட்டுச் செல்ல இயலாது. அறுவை செய்வோனுக்கு அரைகுறை உடல் பயன்படாது. அயல்நாட்டவர் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழால் இயலும் என்று செய்துகாட்டியதை, தமிழே உயிர் என்று மேடையில் முழங்குவோர் இயலாதென்பது வெட்கத்திற்குரியது.

சொற்கள் மிகுதியாக இருப்பதே இன்றைய சிக்கல் எனலாம். விதை, விரை, விந்தகம் என மூன்று சொற்கள் ஓர் உறுப்பிற்கே வழங்குகின்றன. சுருள்குழலினை இலங்கை நூல்கள் விதைமேற்றிணிவு என்கின்றன. இவற்றுள் விதை, விதைப்பை, விந்தணு, விந்துக்குழாய், ஆண்குறி ஆகியவை வழக்கில் பயின்றவை. எந்த அவையிலும் கூச்சமின்றி ஆளத்தக்கவை. தொல்காப்பியர் மறைக்க வேண்டா என்று விலக்கியது இத்தகைய சொற்களுக்கும் பொருந்தும் எனக் கொள்வதில் பிழையில்லை.

பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்பது மற்றொரு தடை. கைப்பேசியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்ட பிள்ளையை உடற்கூற்றுப் படம் கெடுக்கும் என்பவர் எந்த உலகில் வாழ்கின்றாரோ! திருக்குறளில் காமத்துப்பால் 250 குறள். வள்ளுவர் அதனை நூலினின்று நீக்கவில்லை, நீக்கியது பாடத்திட்டமே. தமிழகத்தில் உளமருத்துவர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பொதுமக்களின் பாலியல் ஐயங்களுக்குத் தமிழில், முகத்தில் புன்னகையோடு விடை சொன்னார். 2004ஆம் ஆண்டில் அவர் மறையும்வரை அதனால் தமிழ்ப்பண்பாடு இடிந்து விழுந்ததாகச் செய்தியில்லை.

எஞ்சி நிற்பது, இது அறிவியலாசிரியர் வேலை, தமிழாசிரியருக்கு இதில் என்ன பங்கு என்னும் வினா. இடைநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துபவர் பெரும்பாலும் தமிழறியாதவர். அவர் தம் கடமையை மலாயில் செவ்வனே முடித்துவிடுகிறார். சுபாங் ஜெயாவின் பிள்ளை மலாயும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுவான் என்பதும் உண்மையே. ஆயினும் அச்சமும் வலியும் மேலிடும்போது அவனுக்கு முதலில் வருவது வீட்டுமொழி. அம்மொழியில் அவனோடு பேசவல்ல பெரியவர் அப்பள்ளி வளாகத்தில் பலமுறை ஒருவரே இருப்பார். இடக்கரடக்கலுக்கு எடுத்துக்காட்டுச் சொல்லிக்கொண்டிருப்பவரும் அவரே.